சுற்றிக்கொண்டே இருந்த நட்டும் ஒரு காந்தமும்

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். எழுதத் தோன்றுவது என் சைக்கிளின் பாட்டில் ஸ்டாண்டைப் பற்றி மட்டும்தான்.

விடியற்காலையில் பழைய சாலைகளில் ஓட்ட வேண்டும் என்று சைக்கிளையும் பெட்டியில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இருக்கும் ஸ்டாண்டு கிளம்பும் முன்பே ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் கீழே உள்ளதை ஆலன் கீ (அறுகோணச் சாவி) வைத்துத் திருப்பினால் சுற்றும், ஆனால் கழலாது, இறுகவும் இறுகாது. ஃப்ரேமுக்குள் இருக்கும் நட்டும் கூடவே சுற்றுகிறது. நான் இருக்கும் வெளிநாட்டில் ஒரு கடையில் காட்டியபோது, "ஃப்ரேமை மாற்றிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இரும்பு ஃப்ரேமில் போல்ட் ஏறும் அந்த மரையைப் பற்றவைத்தே இருப்பார்கள். அலுமினியத்தில் குழாயைத் துளைத்து, ரிவெட் நட்டை உள்ளே விட்டு நசுக்கி நிறுத்தியிருப்பார்கள். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பு தூவும் நாட்டில் இரும்பு போல்ட்டும் அலுமினிய நட்டும் உப்புத் தண்ணீரில் ஊறினால், அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அதற்கு மேல் திருகினால் நட்டின் பிடிதான் விடும்.

ஊரில் முதலில் பார்த்த மெக்கானிக், "வெல்டிங் வச்சிரலாம் சார்" என்று சொல்லி ஃப்ரேமைக் கையில் எடுத்தே விட்டார். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். என் ஃப்ரேமின் 6061 வகை அலுமினியத்துக்குப் பலமே சூடேற்றிப் பதப்படுத்தியதில்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடம் இளகிவிடும். ஒரு பாட்டிலுக்காக ஆள் உட்கார்ந்து ஓட்டும் ஃப்ரேமைக் கெடுப்பதா? அன்று முழுக்கக் கோபம் ஆறவில்லை.

மாமாதான், "தகடு வேலை செய்யுறவங்ககிட்ட கேளுடா" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. ரிவெட் நட் சைக்கிளுக்கென்று பிறந்த பொருள் இல்லையே! மெல்லிய தகட்டில் மரை வேண்டிய இடமெல்லாம் அதுதான்.

தகடு வேலைப் பட்டறை அண்ணன் இரண்டு நிமிடம் போல்ட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஸ்டாண்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினார். நட்டின் விளிம்பு இறுகி, சுற்றுவது நின்றது. அப்படியே பிடித்துக்கொண்டு போல்ட்டின் தலையை டிரில் போட்டு எடுத்தார். ஸ்டாண்டின் கீழ்முனை விடுபட, அதைப் பக்கவாட்டில் ஒதுக்கினார். நட்டின் விளிம்பையும் மெதுவாக டிரில் போட, மிச்சம் குழாய்க்குள் 'டக்'கென்று விழுந்தது.

எனக்கு வயிறு கலங்கியது. இனி ஓட்டும்போதெல்லாம் உள்ளே கடகடக்குமே!

"இரு தம்பி" என்று சொல்லிவிட்டு ஒரு காந்தத்தை எடுத்துக் குழாயின் வெளியே வைத்தார். நட்டு அலுமினியம், காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அதற்குள் துருப்பிடித்து நிற்கும் போல்ட் துண்டு இரும்பாயிற்றே. காந்தத்தை வெளியே மெல்ல இழுக்க இழுக்க, உள்ளே அந்தத் துண்டு உராய்ந்துகொண்டே கூட வருவது காதில் கேட்டது. பெடல் அச்சைக் கழற்றி வைத்திருந்த ஓட்டை வழியாக வெளியே வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. எந்தப் போல்ட் என்னை இத்தனை நாள் படுத்தியதோ, அதுவே வழிகாட்டியும் ஆனது.

பிறகு எல்லாம் சுலபம். துளை கெடவில்லை. விளிம்பில் கொஞ்சம் எபாக்ஸி பசை தடவி, 5 மில்லிமீட்டர் மரையுள்ள புது ரிவெட் நட்டை அதை நசுக்கும் ரிவெட் துப்பாக்கியில் மாட்டி ஒரே அழுத்து. துளைக்குத் துளை 64 மில்லிமீட்டர் சரியாக இருக்கிறதா என்று ஸ்டாண்டை வைத்தே பார்த்துக்கொண்டார். போல்ட்டில் கிரீஸ் தடவி, கடைசிச் சுற்றுவரை விரலாலேயே திருகினார். "விரலுக்குப் போகலைன்னா கீயைத் தொடாதே" என்றார்.

கேட்காமலேயே மேல் போல்ட்டையும் கழற்றினார். அதிலும் வெள்ளைப் பூ. துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினார். கிளம்பும்போது இரண்டு ரிவெட் நட்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவை இப்போது என் ஆலன் கீ பையில் இருக்கின்றன.