வில்பத்து, மின்னேரியா போக எது கட்டுப்படியாகும்: கேம்பர் வானா, காட்டுப் பங்களாவா, ஹபரணை அறையா?

ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வரும் சொந்தக்காரர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "கட்டிலும் அடுப்பும் உள்ள வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனால் ஹோட்டல் காசு மிச்சம்தானே?" அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆர்.வி. என்னும் அப்படியான வீட்டு வண்டி எடுத்துப் பழகியவர்கள் அப்படிக் கேட்பது நியாயம். ஆனால் நம் பக்கத்துக் காடுகளுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

அங்கே ஆர்.வி.யைக் கட்டுப்படியாக்குவது அதை நிறுத்தும் இடம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் வண்டியோடு மாட்டிக்கொள்ளும் முகாம்கள் அங்கே நிறைய உண்டு. பெரிய வண்டி நூறு கிலோமீற்றருக்கு 25, 30 லீற்றர் எரிபொருள் குடித்தாலும், ஐந்தாறு பேருக்கு அறை வாடகையும் கடைச் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாவதால் குடும்பங்கள் அதை விரும்புகின்றன. அங்கேயும் பூங்காவுக்குள் இடம் கிடைப்பது சுலபமில்லை. அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசிய பூங்காவுக்குள் இந்த மூன்று இணைப்பும் உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான்.

இலங்கையிலும் கேம்பர் வான் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் அதை வில்பத்துவின் மணல் பாதையில் விட முடியாது. உள்ளே போக எப்படியும் ஜீப் பிடிக்க வேண்டும். அப்போ வானுக்கு ஒரு வாடகை, ஜீப்புக்கு ஒரு வாடகை. மாலை ஆறு மணிக்கு வாசல் மூடியபிறகு வானை எங்கே நிறுத்துவது? ஹபரணை வீதியில் கல்ஓயா, அக்போபுர பக்கம் வீதியோரம் நிறுத்தவே கூடாது. இருட்டினால் அது யானை கடக்கும் வீதி. வானுக்குள் இருக்கும் வாழைப்பழமும் அரிசியும் யானையின் மூக்குக்கு எட்டிவிடும். கடைசியில் ஏதாவது கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் காசு கொடுத்துத்தான் நிறுத்த வேண்டிவரும். எஞ்சினை நிறுத்தினால் ஏசி இல்லை. நம் பக்கத்து ஓகஸ்ட் வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த தகரத்துக்குள் குழந்தையைத் தூங்கவைக்கப் பார்ப்பவருக்கு மிச்சம் பிடித்த காசு ஞாபகத்துக்கு வராது.

எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் என் தெரிவு பூங்காவுக்குள் இருக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாதான். வில்பத்துவுக்கு நமக்கு நேர்வழி இருக்கிறது: புத்தளம் வீதியில் ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம் தாண்டிப் போனால் ஹுனுவிலகம வாசல். வில்பத்து 1938 முதல் தேசிய பூங்கா, நாட்டிலேயே பெரியது. பங்களாவில் காவலாளிதான் சமையல்காரர். சாமான் நாம் கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு, தேங்காய், மிளகாய்த்தூள், ஐஸ் பெட்டியில் திருகோணமலை மீன். மற்றவர்களின் ஜீப்புகள் ஆறு மணிக்கு வெளியேறிய பிறகும் நாம் வில்லு எனப்படும் இயற்கைக் குளத்தின் கரையில் இருப்போம். விறாந்தையில் இருந்தபடியே மான் கூட்டம் தண்ணீருக்கு இறங்குவதைப் பார்க்கலாம். இதை வேறு எந்த வழியும் தராது. வசதி எதிர்பார்க்காதீர்கள். இருட்டியபிறகு முற்றம் தாண்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. பதிவைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் செய்யலாம். நீண்ட விடுமுறை நாட்கள் வெகு முன்னரே நிரம்பிவிடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவருக்குக் கட்டணம் பல மடங்கு. குழுவில் அப்படி நாலு பேர் இருந்தால் பங்களாவின் மலிவு போய்விடும், முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள்.

கூடார முகாம் இன்னும் மலிவு. ஆனால் அங்கே மின்சாரம் இல்லை, எல்லாவற்றையும் நாமே சுமக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

நாலு பேர் கொண்ட குடும்பம், பார்க்க வேண்டியது யானை என்றால் மின்னேரியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹபரணையில் ஒரு சாதாரண அறை போதும். திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர், பஸ்ஸிலேயே போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்பலாமே என்பார்கள். ஆனால் யானைகள் வெளியே வருவது பின்நேரம். சஃபாரி முடிய இருட்டிவிடும், அதே யானை வீதியால் கந்தளாய் வரை வரவேண்டும். அந்த ஒரு இரவு வாடகை வீண்செலவு இல்லை. ஜீப்பை வேறு இரண்டு குடும்பத்தோடு பங்கு போட்டால் செலவு நன்றாகவே இறங்கும்.

புறாமலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அங்கே இரவு தங்க முடியாது, நிலாவெளியிலிருந்து படகில் போய்த் திரும்பலாம்.

இன்னொன்று. மின்னேரியாக் குளத்தில் தண்ணீர் வற்றினால்தான் கரையில் புல் முளைக்கும், யானை கூடும். குளம் நிரம்பியிருந்தால் அவை பக்கத்திலுள்ள கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். அறை பதியும்போதே இந்தக் கிழமை யானை எங்கே நிற்கிறது என்று ஹபரணையில் ஜீப் ஓட்டும் ஒருவரிடம் கேட்டுவிட்டு, அதன்பிறகு எந்தப் பூங்கா என்று முடிவெடுங்கள்.