கிராஃபீன், மாலிப்டினம் டைசல்பைடு, மேக்சீன்: உயிர் உணரிக்கு ஏற்ற படலம் எது?

ஒரு புரதமோ டிஎன்ஏ இழையோ வந்து ஒட்டியதை மின்குறிப்பாக மாற்றிக் காட்டுவதே உயிர் உணரியின் வேலை. ஒட்டுதல் மேற்பரப்பில் நடப்பதால், ஏறத்தாழ எல்லா அணுக்களையும் வெளியில் காட்டி நிற்கும், சில அணுக்களே தடிமனுள்ள இருபரிமாணப் படலங்கள் இதற்கு இயல்பாகவே பொருந்துகின்றன. ஆனால், எல்லாப் படலங்களும் ஒரே வேலைக்கு உகந்தவை அல்ல.

2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் பிரித்தெடுத்த, ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனில் எலக்ட்ரான்கள் மிக விரைவாக ஓடுகின்றன; நீரிலும் அது எளிதில் கெடுவதில்லை. பைரீன் எனும் தட்டையான கார்பன் வளையத் தொகுதி கொண்ட இணைப்பு மூலக்கூறுகள் அதன்மேல் படிந்துகொள்வதால், கார்பன் வலையைச் சிதைக்காமலே இலக்கைப் பற்றும் எதிர்ப்பொருள்களைப் பொருத்த முடிகிறது. அதன் பெருங்குறை, பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) இல்லாமைதான்: மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கேட் முனையின் மின்னழுத்தத்தை எவ்வளவு மாற்றினாலும் கிராஃபீன் டிரான்சிஸ்டர் முழுமையாக அணைவதில்லை.

மாலிப்டினம் டைசல்பைடு வெல்வது இந்த இடத்தில்தான். இரு கந்தக அடுக்குகளுக்கு நடுவே மாலிப்டினம் அமைந்த, சுமார் 0.65 நானோமீட்டர் தடிமனுள்ள ஒற்றைப் படலத்துக்கு ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டு. 2011-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் இதைக் கொண்டு செய்த டிரான்சிஸ்டரில், இயங்கும் நிலை மின்னோட்டம் அணைந்த நிலையினதைப் போல் சுமார் 10 கோடி மடங்கு இருந்தது. அணையும் விளிம்பில் நிறுத்தப்பட்ட டிரான்சிஸ்டரில் சிறு மின்னூட்டம் வந்து சேர்ந்தாலும் மின்னோட்டம் பன்மடங்கு மாறும்; 2014-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகக் குழு, புரதம் கண்டறிவதில் கிராஃபீனைவிட 74 மடங்குக்கும் மேலான உணர்திறனை அறிவித்தது இதன் பயனே. டிரான்சிஸ்டர் வகை உணரிக்கு என் தேர்வு ஐயமின்றி இதுதான்.

2011-இல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் பிறந்த மேக்சீனின் களம் வேறு. டைட்டேனியம் அலுமினியம் கார்பைடிலிருந்து அலுமினியத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கரைத்தெடுத்த பின் எஞ்சும் மேக்சீன் ஏடுகள் உலோகம்போல மின்சாரம் கடத்துகின்றன. மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில், ஆக்சிஜன் தொகுதிகளால் நீரோடு இணக்கமாகவும் இருக்கின்றன. நொதியின் வினையை மின்னோட்டமாக அளக்க, அந்நொதியைத் தாங்கும் மின்வேதி மின்முனைக்கு இதைவிட நல்ல தளம் அரிது. ஆயினும் ஆக்சிஜன் கரைந்த நீரில் அது மெல்ல டைட்டேனியம் டையாக்சைடாக மாறிவிடுவதால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சோதனைப் பட்டைகளுக்குப் பரிந்துரைப்பேனே தவிர, நாள்கணக்கில் உடலில் அணியும் கருவிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கிராஃபீனின் உறுதியே மேலானது.

டிரான்சிஸ்டர் உணரிகளில், எந்தப் படலத்தைத் தேர்ந்தாலும் தீராத தடை ஒன்று உண்டு. இரத்தத்தின் உப்புச்செறிவில் மின்னூட்டத்தின் தாக்கம் ஒரு நானோமீட்டருக்குள்ளேயே மறைக்கப்பட்டுவிடுகிறது. எதிர்ப்பொருளின் நீளமோ சுமார் 10 நானோமீட்டர்; அது பற்றிய இலக்கின் மின்னூட்டம் படலத்தை எட்டுவதில்லை. ஆகவே மாதிரியை நீர்த்துப்போகச் செய்யவோ, இலக்கைப் பற்றும்போது மடங்கித் தன் மின்னூட்டத்தைப் படலத்தின் அருகே கொண்டுவரும் ஆப்டமர் எனும் குறுகிய டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழைகளை நாடவோ வேண்டியிருக்கிறது.