ஆக்ஸில் கட்டான பழைய பிக்கப்புக்கு கப்பலூர் பக்கம் ஒரு ஹவுசிங் பட்டறை

பழைய பிக்கப் வைத்து லோடு அடிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரை ரிங் ரோடு கப்பலூரில் நான்கு வழிச் சாலையில் போய்ச் சேருகிறதல்லவா, அதற்குக் கொஞ்சம் முன்னால் தகரக் கொட்டகை போட்ட ஒரு ஹவுசிங் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது, பக்கத்து டீக்கடையில் "கிரவுன் வேலை பார்க்கிற பட்டறை எது" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். பின் ஹவுசிங் (பின் சக்கரங்களுக்கு நடுவே ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு), அதற்குள் சக்தியைச் சக்கரங்கள் பக்கம் திருப்பும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன், சக்கரம் மாட்டும் ஹப், வண்டியைத் தாங்கும் வில்லான கமான் பட்டை, இவ்வளவுதான் வேலை. இன்ஜின் பக்கம் கை வைக்கவே மாட்டார்கள். உடைந்த சாமானை மாற்றிக் கொடுக்க மதுரையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஆனால் அது ஏன் உடைந்தது என்று தேடிக் கண்டுபிடித்து, வண்டிக்காரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி அவன் கண்ணாலேயே பார்க்க வைத்த பட்டறை, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எங்கள் வண்டி 2008 மாடல். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கத்துத் தோப்புகளில் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தோப்பிலிருந்து லோடோடு வாய்க்கால் கரை ஏறும்போது பின்னால் "டக்"கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை. முதல் கியர், ரிவர்ஸ், எதில் போட்டாலும் அதே கதை. அக்கம்பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஆள் வந்து ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, கிளட்ச் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், பதினெட்டாயிரம் வரும் என்று சொல்லிவிட்டார். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கிளட்ச் தேய்ந்தால் நாள்கணக்கில் அறிகுறி தெரியும், மேட்டில் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காது, கருகின வாடை வரும். இதில் எதுவுமே இல்லாமல் ஒரே சத்தத்தோடு நின்ற வண்டிக்குக் கிளட்ச் என்று சொன்னதை எங்களால் ஏற்க முடியவில்லை. லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, கயிறு கட்டி செக்கானூரணி, திருமங்கலம் வழியாகக் கப்பலூருக்குக் கொண்டு போனோம்.

கயிறு கட்டி இழுப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். பின் சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் சுற்றிலும் வட்டமாகச் சின்ன போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில். அதில் வண்டியின் எடையைத் தாங்குவது ஹவுசிங் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹப்பும் பேரிங்குகளும்தான், உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றுகிற வேலை மட்டும். ஆக்ஸில் கட் என்பது இந்த ஷாஃப்ட் உடைவதுதான். ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும், மெதுவாக இழுத்துப் போகலாம். செமி ஃப்ளோட்டிங் அப்படி இல்லை. சுற்றுவதும் எடை தாங்குவதும் ஒரே ஷாஃப்ட்தான், அது உடைந்தால் சக்கரமே ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடலாம். அந்த வண்டியைப் பின்பக்கம் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். எங்களுடையது ஃபுல் ஃப்ளோட்டிங் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கயிறு கட்டினோம். இழுக்கும்போது இன்ஜினை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாமல் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும். அப்புறம், ஆக்ஸில் கட்டான வண்டியைக் கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடாதீர்கள். சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்து போயிருக்கும், சரிவில் உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் வேண்டும்.

பட்டறைக்காரர் வயதானவர், எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். நாங்கள் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் ஸ்பேனரைத் தேடவில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொன்னார். என்னை ஏறி ஸ்டார்ட் பண்ணி செகண்ட் கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொன்னார். வண்டி அசையவில்லை. "தம்பி, மீட்டரப் பாரு, என்ன காட்டுது?" என்றார். ஸ்பீடாமீட்டர் முள் இருபதுக்கு மேல் ஏறி நிற்கிறது, வண்டியோ நின்ற இடத்தில் நிற்கிறது. "அம்புட்டுத்தான். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் நல்லா இருக்கு" என்றார்.

அவ்வளவு எளிதான விஷயம். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. முள் ஏறுகிறது என்றால் கியர்பாக்ஸ் வரைக்கும் சக்தி வந்து வெளியேயும் போகிறது, கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. கிளட்ச் போயிருந்தால் முள் அசைந்திருக்காது. அடுத்து அவர் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பார்த்தார், என்னையும் ஆளை மாற்றி உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆக அதன் மூட்டான கிராஸும் முறியவில்லை. கிரவுன் பினியனில் பல் போயிருந்தால் கடகடவென்று அரைக்கிற சத்தம் வந்திருக்கும், இங்கே சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. இன்ஜின் ஓடும்போது ஒருத்தரையும் அவர் வண்டிக்கு அடியில் போகவிடவில்லை, ஒரு பையன் குனிந்ததற்கு நல்ல சத்தம் போட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு இன்ஜினை அணைத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் உட்காரவைத்தார்கள். கியரில் விட்டபடியே இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். நல்ல ஹவுசிங்காக இருந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பிடித்து நிற்கும்போது ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப் பக்கமாகச் சுற்ற வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் (இரண்டு பக்க ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள சின்னப் பல்சக்கரம்) அப்படித்தான் திருப்பும். வலது சக்கரம் அசையவே இல்லை. ஒரு பக்கம்தானே உடைந்தது, மற்ற சக்கரம் வண்டியை ஏன் இழுக்கவில்லை என்று பலருக்கும் வருகிற சந்தேகத்துக்கு பதிலும் அதே ஸ்டார் பினியன்தான். இரண்டு பக்கத்துக்கும் அது ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். உடைந்த பக்கத்தில் எதிர்ப்பே இல்லாததால் அங்கே முறுக்கு பூஜ்யம், நல்ல பக்கத்துக்கும் பூஜ்யம். டிஃபரன்ஷியலில், அதாவது ஸ்டார் பினியன் இருக்கும் அந்த அமைப்பில், இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் வைத்த வண்டியில் இது வேறு மாதிரி இருக்கும், எங்களுடையதில் லாக் கிடையாது.

எந்தப் பக்கம் என்று பார்க்க அவர் ஒரு வேலை செய்தார். டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். வலது பக்கம் அசைவில்லை. இடது பக்கம் "கடக் கடக்" என்று ஆடியது, நானும் ஆட்டிப் பார்த்தேன், கையில் தெளிவாகத் தெரிந்தது. "கட்டானது இதுதான். ஏன் கட்டாச்சுங்கிறதும் இதுதான்" என்றார், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல்.

வலது ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்தது. அதன் உள்முனையில் வெட்டியிருக்கும் பல் நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டு போயிருக்கிறதா என்று ஒரு இரும்பு ஸ்கேலை ஒட்டிவைத்துப் பார்த்தார், நேராக இருந்தது. இடது பக்கம் போல்ட்டுகளைக் கழற்றி இழுத்ததும் ஃபிளாஞ்சோடு (ஹப்பில் போல்ட் போடுகிற வட்ட முகம்) நாலு விரல் நீளத் துண்டு மட்டும் வந்தது, மிச்சம் குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தத் துண்டைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். உடைந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்து வழவழப்பாக, ஓரத்திலிருந்து உள்ளே வளைவு வளைவாகக் கோடுகள். மிச்சக் கால்வாசி மட்டும் சாம்பல் நிறத்தில், பொடிக் கற்கண்டு போல மினுமினுத்துக்கொண்டு. கறுத்த பகுதி பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு நகர்ந்த இடம், ஒவ்வொரு கோடும் விரிசல் நின்று நின்று போன தடம். மினுமினுப்பது கரை ஏறும்போது ஒரே அடியில் போன இடம். முழுக்க முழுக்கப் புதிதாக மினுமினுத்தால், அல்லது பல் முறுக்கிக்கொண்டு போயிருந்தால், ஒரே நேரத்தில் தாங்க முடியாத சுமையில் போனது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்களுடையது அப்படி இல்லை.

காரணம் ஹப்பைக் கழற்றியதும் வெளியே வந்தது. ஹவுசிங்கின் ஆயில் சீல் கிழிந்து கியர் ஆயில் கிரீஸோடு கலந்து தண்ணியாகியிருந்தது. உள் பேரிங்கின் உருளைகளில் சூடேறிய நீலம் பாய்ந்து குழிகள் விழுந்திருந்தன. ஹப் நட்டின் லாக் வாஷர் சரியாக மடிக்கப்படாமல் நட் தளர்ந்திருந்தது. பேரிங் ஆடினால் ஹப் ஆடும், ஹப் ஆடினால் சுற்றுகிற வேலை மட்டும் உள்ள ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து வளைந்து நிமிர வேண்டியிருக்கும், அந்த வளைவு ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில்தான் அதிகம். புது ஷாஃப்ட்டை மட்டும் மாட்டி அனுப்பியிருந்தால் அதுவும் அதே இடத்தில் உடைந்திருக்கும். முதல் இடத்தில் வண்டியைக் கொடுத்திருந்தால் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றிய பிறகும் வண்டி நகர்ந்திருக்காது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

குழாய்க்குள் மாட்டிய துண்டை எடுத்த விதம் பார்க்க வேண்டியது. பழைய பைக் பிரேக் கேபிளில் சுருக்குப் போட்டு, ஒரு குழாய் வழியாக உள்ளே விட்டு, ஷாஃப்ட் முனையில் மாட்டி இறுக்கி, லேசாகத் திருப்பிக்கொண்டே வெளியே உருவினார். அவசரமே படவில்லை. பிறகு பழைய ஆயிலை வடித்து, அதில் காந்தத்தை விட்டு அலசினார். இரும்புத் துணுக்குகள் கொஞ்சம் ஒட்டின. அதனால் பின் மூடியைத் திறந்து கிரவுன் பல்லை ஒவ்வொன்றாக டார்ச்சில் பார்த்து, டீசலில் கழுவித்தான் மூடினார். கிரவுன் பல்லில் பழுது இல்லை, அதை மாற்றச் சொல்லவும் இல்லை.

ஸ்பேர்ஸ் அவர் வைத்துக்கொள்வதில்லை, எழுதிக் கொடுக்கிறார், நாம்தான் டவுனுக்குள் போய் வாங்கி வர வேண்டும். உடைந்த துண்டுகளையும் கொடுத்து அனுப்பினார். இடது வலது நீளம் வேறு வேறாக இருக்கும், பல்லின் எண்ணிக்கையும் மாடலுக்கு மாடல் மாறும், அதனால் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்து வாங்கச் சொன்னார். பழைய இரும்புக் கடை ஷாஃப்ட் வேண்டவே வேண்டாம் என்றார், வெளியே தெரியாத விரிசல் அதில் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஷாஃப்ட், உள்ளும் வெளியும் பேரிங், சீல், லாக் வாஷர், 90 நம்பர் கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. எண்ணெய் பட்ட இடது பிரேக் லைனிங்கை மாற்றியது தனி.

பேரிங் மாற்றிய பிறகு இரண்டு பின் டயர்களுக்கும் நடுவே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு என்று ஹப் மட்டத்தில் டேப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்ததால் ஹவுசிங் முன்பக்கமோ பின்பக்கமோ வளையவில்லை என்று சொன்னார். பழைய சொந்தக்காரர் கமானில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருக்கிறார் என்பதையும் அவர்தான் காட்டினார். பட்டை சேர்த்தால் வண்டி தாழாது, ஆனால் ஹவுசிங்கும் பேரிங்கும் அதே பழையதுதான், தாழவில்லை என்று லோடை ஏற்றாதீங்க என்றார். கமானை ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் இறுக்கிக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. போனை எடுக்கவே மாட்டார். உட்கார நிழல் இல்லை, கழிவறை இல்லை, மதிய வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழ் நிற்பது கொடுமை. பில் கேட்டால் துண்டுச் சீட்டில்தான் எழுதித் தருகிறார், கம்பெனிக் கணக்குக்கு ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள். லாரி வேலை வந்தால் பிக்கப் காத்திருக்க வேண்டும், எங்களுக்கும் மறுநாள் சாயந்திரம்தான் வண்டி கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வந்து ஹப் நட்டை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார், போனோம், அதற்கும் காசு கேட்கவில்லை. போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், அப்போதுதான் பகலிலேயே ஸ்பேர்ஸ் வாங்கி வர நேரம் இருக்கும். வண்டியில் வந்த சத்தத்தை எப்போது, எந்தக் கியரில், லோடோடா காலியா என்று ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.