சார்ட் பிளாட்டரும் பென்சிலும்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

காகித வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே கொண்டு பாய்மரப் படகு ஓட்டப் பழகியவன் நான். கடல் வரைபடத்தையும் அதில் படகு இருக்கும் இடத்தையும் திரையில் காட்டும் சார்ட் பிளாட்டர் பிறகுதான் வந்தது. இன்று எனக்கு முதல் கருவி அதுதான். பழைய முறையே சிறந்தது என்று அடம்பிடிப்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. நீரோட்டம் குறுக்கே இழுக்கும் இடத்தில் படகின் முன்முனையான அணியம் ஒரு திசையைப் பார்க்கும், படகு வேறு திசையில் போகும். திரை இதை அப்போதே சொல்லிவிடுகிறது. பென்சிலும் அளவுகோலும் எடுத்துக் கணக்குப் போடுவதற்குள் படகு வெகுதூரம் ஒதுங்கிவிடும்.

ஆனால் திரையைச் சுருக்கும் வசதிதான் ஆபத்து. முழுப் பாதையும் தெரியட்டும் என்று சுருக்கினால் சிறு திட்டுகளும் ஆழ எண்களும் சத்தமில்லாமல் மறைந்துவிடுகின்றன. 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பந்தயத்தில் இருந்த 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' படகு இந்தியப் பெருங்கடலில் கார்கடோஸ் கராஹோஸ் பவளத் திட்டில் ஏறியதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். பந்தய மாலுமிகளுக்கே இந்தக் கதி! அதனால் பாதையை முதலில் காகிதத்தில்தான் வரைகிறேன். பிறகு திரையில் பெரிதாக்கி, கோடு நெடுகிலும் ஒருமுறை நகர்த்திப் பார்க்கிறேன்.

இன்னொன்று, ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் நம் இடத்தைச் சொல்லும். அடியில் உள்ள பாறை அதே துல்லியத்தில் வரையப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சில கடற்பகுதிகளின் ஆழம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளக்கப்பட்ட காலத்தது. பல வரைபடங்களில் அளவீட்டு ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் நான் பாறைகளை நெருங்குவதில்லை.

கரை தெரிகிற நேரமெல்லாம் கைத் திசைகாட்டியால் கரையின் மூன்று அடையாளங்களைக் குறிபார்த்து, வரைபடத்தில் கோடு போடுவேன். மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டுவது அபூர்வம். ஒரு சிறு முக்கோணம் விழும். முக்கோணம் சின்னதாக இருந்து திரை காட்டும் இடமும் அதை ஒட்டியே இருந்தால் நிம்மதி. பெரிதாக விழுந்தால் அடையாளம் எதையாவது மாற்றிப் பார்த்திருப்போம், அல்லது பக்கத்தில் யாராவது கைபேசி வைத்திருப்பார்கள். அதன் காந்தம் முள்ளை இழுத்துவிடும்.

வாங்குபவர்களுக்கு: தொடுதிரை மட்டும் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். அலை தெறித்தால் நீர்த்துளிகளே படத்தை இழுத்துக்கொண்டு போகின்றன. பொத்தான்களும் உள்ள கருவியே மேல். போலராய்டு கண்ணாடி அணிபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கடையில் திரையைப் பாருங்கள். சில கோணங்களில் முழுக்கக் கறுத்துவிடும்.