மாலா-என்னா, சாயாவா? கறை படும் கணக்கு

கருத்தடை மாத்திரை தொடங்கி இரண்டாம் வாரம். மாதவிலக்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது உள்ளாடையில் பழுப்புக் கறை. பயந்துபோய்ப் பாதி அட்டையோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தியதும் உதிரம் இன்னும் கூடும், கருத்தடையும் போய்விடும். எந்த மாத்திரை எந்த மாதிரி உதிரப்போக்கைத் தரும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பயத்தில் பாதி இருந்திருக்காது.

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும், தொடர்ந்து சாப்பிடும் கருத்தடை மாத்திரைகள் இரண்டு: மாலா-என், சாயா. பெயரைக் கேட்டு டீ என்று நினைக்கும் குமரிமாவட்டக்காரர்கள் மன்னிக்கவும்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். முதல் 21-இல் இரண்டு ஹார்மோன்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும், எத்தினைல் எஸ்ட்ராடையோல் என்ற எஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராமும் (அதாவது 30 மைக்ரோகிராம்) உண்டு. மீதி ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் வருவது உண்மையில் மாதவிலக்கே அல்ல, ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உள்படலம் உதிர்வது. அதனால்தான் நாள் தவறாமல், அளவு குறைந்து, வலியும் குறைந்து வருகிறது. சிக்கல் முதல் இரண்டு மூன்று மாதங்களில்தான். படலம் புது ஹார்மோனுக்குப் பழகும்வரை, ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி அங்கங்கே பெயரும். இது மாத்திரை வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல. தினமும் ஒரே நேரத்தில் விழுங்கிவந்தால் பெரும்பாலும் மூன்றாவது அட்டைக்குள் அடங்கிவிடும்.

தவறவிட்டால் கதை வேறு. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் விழுங்கிவிட்டு வழக்கம்போலத் தொடரலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால் கறையும் படும், கருவும் தங்கக்கூடும். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு இருந்தாலும் மருந்து உடம்பில் ஏறாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவை இந்த ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். நெடுநாள் ஒழுங்காக இருந்த ஒருத்திக்குத் திடீரென்று கறை பட்டால் நான் முதலில் கேட்பது, புதிதாக என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்பதுதான்.

சாயாவின் குணம் இதற்கு நேர் எதிர். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன்தான் இது. கடைகளில் சஹேலி என்ற பெயரில் முன்பே விற்றது. ஹார்மோன் மாத்திரை அல்ல. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இதில் இடையில் கறை படுவதைவிட நாள் தள்ளிப்போவதுதான் தொல்லை. உதிரமும் குறைந்து வரும். இரத்தச்சோகை உள்ளவருக்கு இது லாபம். நாள் தள்ளினாலே 'உண்டாகிவிட்டதோ' என்று தூக்கம் கெடுகிறவருக்கு நரகம். குறித்த நாளுக்கு மேல் 15 நாள் தாண்டினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இது ஏற்றது. மாலா-என் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும், அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் சாயா கூடாது.

மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மைக்ரோகிராம் எஸ்ட்ரோஜன் மாத்திரைகளை 'லேசானவை' என்று விரும்பிக் கேட்கிறார்கள். லேசானதற்கு விலை, இடைக்கறை 30 மைக்ரோகிராமைவிட அதிகம். கறை மூன்று மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் மருத்துவர் 30-க்கு மாற்றுவது வழக்கம். எஸ்ட்ரோஜனே இல்லாத டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரையில் எதுவும் நடக்கலாம்: சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாக நீளும்.

என்னைக் கேட்டால், தினமும் இரவு பல் தேய்ப்பதுபோல மாத்திரை விழுங்கும் பழக்கம் வரக்கூடியவருக்கு மாலா-என். தேதி தள்ளினாலும் பதறாதவருக்குச் சாயா. ஆனால் இரத்த அழுத்தம், 35 வயதைத் தாண்டியும் புகைப்பழக்கம், கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி, முன்பு காலில் இரத்தம் உறைந்தது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் எஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை பக்கமே போக வேண்டாம்.

கறை அல்லாமல் மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, உறவுக்குப் பின் உதிரம் வருகிறது, அடிவயிறு பிடித்து வலிக்கிறது, துர்நாற்றத்தோடு வெள்ளை படுகிறது என்றால் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. தொற்றோ, கருப்பைவாய்க் கோளாறோ, கருவோ என்று பார்த்தாக வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் குழியில் மாத்திரை மிச்சம் இருக்கிறது என்பது நீங்கள் சொல்ல மறந்ததையும் மருத்துவருக்குச் சொல்லிவிடும்.