பதிவு முகப்பை எங்கே வைப்பது: சராசரித் தூரமா, கடைசித் தோட்டமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்றதொரு தோட்டப்புறப் பட்டணத்தில் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றுக்கென ஒரு முகப்பை, அதாவது மக்கள் நேரில் வந்து பதிந்துகொள்ளும் சேவையிடத்தை, புதிதாக அமைப்பதாகக் கொள்வோம். பட்டணத்தில் 600 குடும்பங்கள், அதிலிருந்து செல்லும் ஒரே சாலையின் 10ஆவது கிலோமீட்டரில் உள்ள தோட்டத்தில் 100, சாலை முடியும் 24ஆவது கிலோமீட்டரில் 40 என்பது விளக்கத்திற்காக நான் இட்டுக்கொண்ட கணக்கு.

தொலைபேசி இணைப்பகங்களை எங்கே நிறுவுவது என்ற கேள்வியை ஒட்டி 1964இல் ஹக்கிமி என்ற ஆய்வாளர் வகுத்த இடைநிலை முறை, அனைவரின் பயணத் தூரத்தையும் கூட்டி, அத்தொகை மிகக் குறையும் இடத்தைத் தேர்கிறது. இங்கே அது பட்டணத்தையே காட்டும், சராசரி 2.65 கிலோமீட்டர்தான், ஆனால் கடைசித் தோட்டத்தார் 24 கிலோமீட்டர் வரவேண்டும். அவர் அதே கட்டுரையில் ஆராய்ந்த மைய முறையோ முகப்பைச் சாலையின் நட்டநடுவில் வைத்து, மிக நீண்ட பயணத்தை 12 கிலோமீட்டராகக் குறைக்கிறது. எனினும் சராசரி 10.65 ஆகிவிடுவதோடு, முகப்பும் ஆளில்லாச் செம்பனைக் காட்டின் நடுவே போய் நிற்கும்!

1974இல் சர்ச், ரெவெல் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த பெரும உள்ளடக்க முறை, குறித்த எல்லைக்குள் எத்தனை பேரை அடக்கலாம் என்று கேட்கிறது. எல்லை 10 கிலோமீட்டர் என்றால் முகப்பை எங்கே வைத்தாலும் 700 குடும்பங்களுக்கு மேல் அடங்கா. 14 என்று தளர்த்தினால் முதல் தோட்டத்தில் வைக்கும் ஒரே முகப்பு 740 குடும்பங்களையும் அடக்கிவிடும். ஆகவே, விடையைத் தீர்மானிப்பது சூத்திரத்தைவிட அந்த எல்லையை வகுப்பவரே என்பதால், அதைக் கிலோமீட்டரில் அல்லாமல், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கணக்கில் வகுப்பதே முறை. வேலைநாளில் முகப்புக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய சம்பளமும் போகிறதல்லவா?

என் தேர்வு ஒன்றல்ல, இரண்டு: நிலையான முகப்பை இடைநிலை முறைப்படி பட்டணத்திலேயே வைத்து, நடமாடும் முகப்பு நிற்கும் இடங்களை உள்ளடக்க முறையால் முடிவு செய்யலாம். ஆனால் அதற்கான எண்ணிக்கையைப் பழைய முகப்புப் பதிவுகளிலிருந்து எடுக்கக்கூடாது. தூரத்தால் வராமலே இருந்தவர்கள் அவற்றில் இருக்கமாட்டார்கள். 12 வயதில் அடையாள அட்டை எடுக்கவேண்டிய பிள்ளைகளைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு வருகைப் பதிவேட்டிலிருந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களைத் தோட்டத்து வீடுகளில் நேரில் விசாரித்தும் எண்ணுவதே பொருத்தம்.