ஆன் செய்ததும் விழுந்துவிடும் டெஸ்க்டாப்: ஃபார்மட்டை விட நல்ல வழிகள் எவை?

பவர் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் லோகோ வருகிறது, புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றுகின்றன, நீலத்திரை ஒரு நொடி மின்னி மறைகிறது, மறுபடி முதலிலிருந்து. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." கடைக்கு அது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. உங்களுக்கோ டேலி, ஸ்கேனர் டிரைவர், டிடிபிக்கு வைத்திருந்த பாமினி எழுத்துருக்கள், பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க ஒரு வாரம் போகும். அப்படியும் கோளாறு ரேமிலோ, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருந்தால் இரண்டு வாரத்தில் அதே நீலத்திரை திரும்ப வந்து நிற்கும். அதனால் ஃபார்மட்டையும் அதற்குப் போட்டியாக இருக்கும் மற்ற வழிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த நொடியில் விழுகிறது என்பதை. மதர்போர்டு கம்பெனியின் லோகோ வருவதற்கு முன்பே அணைந்தால் விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் பத்து நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, ப்ராசஸர் சூடு ஆகிய மூன்றில் ஒன்று. பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் ப்ராசஸர் வெப்பம் தெரியும். அது கண்முன்னே 90 டிகிரியை நோக்கி ஏறினால் கூலரைப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்பது சர்வசாதாரணம்.

பயாஸில் நிம்மதியாக நின்று, புள்ளிகள் சுற்றும்போது விழுந்தால் டிஸ்க், ரேம், டிரைவர், அப்டேட் என்று சந்தேகப் பட்டியல் மாறும். விண்டோஸின் டெஸ்க்டாப் திரை வரை வந்து ஒரு நிமிடத்தில் விழுந்தால் கிராபிக்ஸ் டிரைவரையோ, கூடவே திறக்கும் ஏதோ ஒரு மென்பொருளையோ சந்தேகிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்: அளப்பதா, மாற்றிப் பார்ப்பதா?

காலையில் முதல் முறை ஆன் செய்யும்போது இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகி, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கின்றன. குளிர்ந்திருக்கும்போது அவற்றால் மின்சாரத்தைச் சமன்செய்து தர முடிவதில்லை, சூடானதும் தேறிவிடும்.

பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் கிளிப் வைத்து இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது பலருக்குத் தெரிந்த சோதனை. அதில் உயிர் இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். சுமை இல்லாமல் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். மெஷினில் மாட்டியபடியே, மல்டிமீட்டரை மோலெக்ஸ் இணைப்பின் மஞ்சள், கறுப்பு முனைகளில் வைத்து, விண்டோஸ் லோகோ வரும் நேரத்தில் அளப்பது அதைவிட மேல். 12 வோல்ட்டுக்கு 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பு முனையின் 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரையும் அனுமதி உண்டு. இதற்கு வெளியே போனால் மேற்கொண்டு யோசிக்காமல் மாற்றிவிடலாம். ஆனால் எண் சரியாக இருப்பதை வைத்து எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மில்லி நொடியில் விழுந்து எழும் சரிவை மல்டிமீட்டர் காட்டாது.

அதனால் இந்தப் போட்டியில் ஜெயிப்பது, நன்றாக ஓடும் இன்னொரு மெஷினிலிருந்து எடுத்து மாட்டிப் பார்ப்பதுதான். மாட்டும்போது 24 முனை இணைப்போடு ப்ராசஸருக்கான 4 அல்லது 8 முனை இணைப்பையும் மறக்காமல் செருகுங்கள். அதை விட்டுவிட்டால் ஃபேன் மட்டும் சுற்றும், திரை வராது. மதர்போர்டு போய்விட்டது என்று வீணாகப் பயப்படுவீர்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் பழையதன் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. பெட்டிப் பக்கத்து முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிஸ்க் ஒரே நொடியில் எரிந்துபோகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

புதிது வாங்குவதாக இருந்தால் பெட்டியின் மேலே பெரிதாக எழுதியிருக்கும் வாட்டை நம்பாமல், பக்கத்து லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். 450 என்று எழுதிய பெட்டியில் 12 வோல்ட் 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 14, வெறும் 168 வாட்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான்.

ரேம்: மூன்று சோதனைகள்

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் எளிது. ஆனால் வழக்கமான அமைப்பில் இரண்டு சுற்றோடு நின்றுவிடும். ஓடும்போது எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்று மாற்றினால்தான் ஓரளவு பயன். பென் டிரைவில் போட்டு ஓட்டும் மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம், கண்டிப்பும் அதிகம். ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். நான்கு சுற்றில் ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் ஆகாது. ஒரு பிழைதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டுவதற்கு முன் பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் பிழைகள் நின்றுபோனால் ரேம் கெடவில்லை, அந்த வேகம் உங்கள் போர்டுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது கைவேலை. ஒரு ரேம் குச்சியை மட்டும், பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டி ஆன் செய்து பார்ப்பது, பிறகு மற்றதை. இரண்டு குச்சி இருக்கும் வீட்டில் இதைத்தான் முதலில் செய்வேன். ஐந்து நிமிடத்தில் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மாட்டும்போது இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும்.

ரேம் கெட்டிருக்கும்போது போட்ட விண்டோஸ் பிறக்கும்போதே பழுதோடுதான் பிறக்கும். கோப்புகள் ரேம் வழியாகத்தானே டிஸ்க்குக்குப் போகின்றன. ஃபார்மட்டுக்கு முன்னால் ரேமைச் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

டிஸ்க்: முதலில் நகல்

டிஸ்கைச் சோதித்துப் பிழை திருத்தும் செக் டிஸ்க் ஓட்டுவதா, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பார்ப்பதா என்றால், ஸ்மார்ட் எண்களை முதலில். சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்கில் முழு செக் டிஸ்க் ஓட்டுவது, மூச்சு வாங்குபவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் மூன்று வரிகளைப் படியுங்கள். ரீஅலோகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் இரண்டிலும் பூஜ்ஜியத்தைத் தாண்டி எண் ஏறிக்கொண்டே வந்தால் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், சரிபார்ப்பதெல்லாம் அப்புறம். சிஆர்சி எரர் மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

ஃபார்மட் செய்ததும் சில வாரம் நன்றாக ஓடுவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. படிக்க முடியாமல் நின்ற இடத்தில் புதிதாக எழுதும்போது, டிஸ்க் அதை ஏற்றுக்கொள்ளும் அல்லது வேறு இடத்துக்கு மாற்றிவிடும். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறையும்.

விண்டோஸ் தரும் வழிகள்

தொடர்ந்து இரண்டு முறை திறக்க முடியாமல் போனால் அடுத்த முறை விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்கு வரும். அங்கே முதலில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய் 9ஐ அழுத்துங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆவது நின்று நீலத்திரை அப்படியே நிற்கும், எழுத்தைப் படிக்கலாம். டிஸ்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் ரிப்பேர் திரையில் பல இடங்களில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இன்னொரு போனில் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையில் இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று வந்தால், சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரியைப் பாருங்கள். பழைய போர்டில் அது தீர்ந்ததும் பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குப் போய்விடும். ஏஎச்சிஐ என்று இருந்த சாட்டா மோடு ஐடிஇ என்று மாறி நிற்கும். விண்டோஸுக்குத் தன் டிஸ்கே அடையாளம் தெரியாது. பயாஸில் தேதி பழைய வருடமாகக் காட்டினால் இதுதான் என்று ஏறக்குறைய உறுதி. பேட்டரியை மாற்றி, மோடைத் திருப்பி வைத்தால் எதையும் இழக்காமல் மெஷின் எழுந்துவிடும். இதற்கும் ஃபார்மட் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஸ்டார்ட்டப் ரிப்பேர் பூட் கோப்புகள் சிதைந்திருந்தால் மட்டும் உதவும். கரண்ட் போய் மெஷின் பாதியில் அணைந்த மறுநாள் இதை ஓட்டலாம். ஒரு முறை ஓட்டியும் ஆகவில்லையென்றால் பத்து முறை ஓட்டினாலும் ஆகாது.

போன வாரம் போட்ட டிரைவர் அல்லது மென்பொருளுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்றால், விண்டோஸைப் பழைய தேதிக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். உங்கள் ஆவணங்களை அது தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருள்கள் மட்டும் போகும். ரீஸ்டோர் பாயிண்ட் இல்லாத மெஷின்கள் ஏராளம் என்பதுதான் இதன் பலவீனம். அப்டேட் முடிந்த மறுநாள் என்றால் அதே திரையில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. முதலில் குவாலிட்டி அப்டேட்டை (வழக்கமான சிறு அப்டேட்) எடுங்கள். ஃபீச்சர் அப்டேட் (விண்டோஸின் புதிய பதிப்பு) என்றால் பத்து நாளுக்குள் திரும்பினால்தான் உண்டு.

எது காரணம் என்றே தெரியாதபோது, அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடு. ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 4. அதில் நன்றாகத் திறந்தால் ரேமும் டிஸ்கும் பெரும்பாலும் தப்பின. ஏதோ ஒரு டிரைவர்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் திறக்கும்போதே விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமான நிலையங்கள் வரை ஸ்தம்பித்தன. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழித்தால் மெஷின் எழுந்தது.

ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் விழுகிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால் விழுவதில்லை என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பைச் சந்தேகியுங்கள். ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் மையப் பகுதியை டிஸ்கில் சேமித்துவிட்டுத் தூங்குகிறது. ரீஸ்டார்ட்டில்தான் புதிதாக ஆரம்பிக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் ஒழுங்காகத் திறந்தால் பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

ஃபார்மட் ஜெயிக்கும் இடங்கள்

எதுவும் கைகொடுக்கவில்லை, ரேமும் டிஸ்கும் நல்லது என்று சோதித்தாகிவிட்டது என்றால் முதலில் ரீசெட், கீப் மை ஃபைல்ஸ். மென்பொருள்கள் போகும், ஆவணங்கள் நிற்கும். இதில் லோக்கல் ரீஇன்ஸ்டால், கிளவுட் டவுன்லோடு என்று இரண்டு கேட்கும். லோக்கல், இப்போதிருக்கும் கோப்புகளிலிருந்தே புதிய விண்டோஸைக் கட்டுகிறது. அவையே சிதைந்திருந்தால் பாதியில் நிற்கும். கிளவுட்டுக்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும், ஆனால் நம்பகம் அதிகம்.

வைரஸ் புகுந்த மெஷின், புதிய எஸ்எஸ்டிக்கு மாறும் மெஷின் இரண்டுக்கும் முழு ஃபார்மட்தான் சரி. அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுக்க ஒரு எளிய வழி உண்டு. ரிப்பேர் திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் டிஸ்க் முழுவதும் தெரியும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது. ஜன்னல் உறைந்தது போல நிற்கும். பென் டிரைவின் விளக்கு சிமிட்டுவது நிற்கும் வரை கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் போட 8 ஜிபி பென் டிரைவ் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், போர்டில் டிபிஎம் 2.0வும் (பாதுகாப்பு சிப்) ப்ராசஸர் ஆதரவும் இருந்தால் 11க்கே போங்கள். இரண்டாவது டிஸ்க் இருந்தால் வேலை முடியும் வரை அதன் சாட்டா கேபிளைப் பிடுங்கி வைத்திருங்கள். இல்லாவிட்டால் பூட் கோப்புகள் அந்த டிஸ்கில் போய் உட்கார்ந்துகொண்டு, பிறகு ஒருநாள் அதைக் கழற்றும்போது மெஷின் மறுபடி திறக்காது.